மைக் அக்காவின் மாத்திரை

பேருந்து நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக் அக்கா என்றால்தான் தெரியும். மூன்றாம் நடைமேடைக்கு மேலே இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது, எந்தப் புண்ணியவான் குடையை விட்டுவிட்டுப் போனான் என்று பதினேழு வருடமாகச் சொல்லி வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, குரல் என்றால் அப்படி ஒரு குரல். "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று அவள் சொன்னால், ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்ற ஆளுக்கும் பாதிக் கோபம் இறங்கிவிடும். அவள் கணவர் அதே நிலையத்துப் பணிமனையில் மெக்கானிக். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி அந்தக் குரலைக் கேட்டே மனசைப் பறிகொடுத்தவர். ஆளைப் பார்த்ததெல்லாம் அப்புறம்தான்.

அந்த அறைக்கு ஏற இருபத்திரண்டு படி. ஒருநாள் பாதிப் படியில் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்து மூன்று வயதாகிறதே, வாங்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே கையிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. பல் துலக்கினால் வாயெல்லாம் ரத்தம். அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இடுப்பெலும்பில் ஊசி குத்தி உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் செய்கிற பட்டறையாம். அந்தப் பட்டறையைப் பாதிக்கு மேல் இழுத்து மூடியாயிற்று என்றார் டாக்டரம்மா.

டாக்டரம்மா படபடவென்று பேசுகிறவர். நோயாளி முகம் வாடினால் ஏதாவது வேடிக்கை சொல்லித் தேற்றப் பார்ப்பார். மாதம் ஒரு தடவை வெளியிலிருந்து ரத்தம் ஏற்ற வேண்டும், அது நாளைத் தள்ளுவதற்கு. மூடின பட்டறையைத் திறக்க ஒரு மாத்திரை தருகிறேன், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று விளக்கினார்.

"இது வேற ஒண்ணுமில்லம்மா. ஜிம்முல பசங்க உடம்பை ஏத்தணும்னு திருட்டுத்தனமா வாங்கி முழுங்குறாங்களே ஸ்டீராய்டு, அதே சாமான்தான். அவங்களுக்கு விஷம். உங்களுக்கு மருந்து."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மீதியையும் சொன்னார். ஆண் உடம்பில் ஊறுகிற சுரப்பைப் போலச் செய்த மருந்து இது. முகத்தில் பரு வரலாம், தாடையில் மயிர் முளைக்கலாம், மாதவிலக்கு தப்பலாம். கல்லீரலைக் கெடுக்கும், அதனால் மாதாமாதம் சோதித்தே ஆக வேண்டும். குரல் தடித்துப்போகும். தடித்த குரல் மறுபடி பழையபடி ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது.

தாடை மயிரைக் கூட அவள் பொருட்படுத்தவில்லை. வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, "ரத்தம் போனா ஏத்திக்கலாம். குரல் போனா எங்க போய் ஏத்துறது?" என்று தேம்பித் தேம்பி அழுதாள். மெக்கானிக் தன் கைக்குட்டையைத் தேடி எடுத்தார்; அதில் கிரீஸ் இருந்ததால் மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். எதிரே அவள் தம்பி சுவரில் சாய்ந்து நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பிக்குப் பெயர் ஒல்லி. பெற்றவர்கள் போனபிறகு அவள்தான் வளர்த்தாள். எவ்வளவு போட்டாலும் அவன் உடம்பில் ஒட்டாது. பேருந்து நிலையத்திலேயே பார்சல் கவுண்டரில் வேலை. ஆனால் மனசெல்லாம் தீயணைப்புத் துறையில் இருந்தது. எழுத்துத் தேர்வில் பிரமாதமாக எழுதிவிடுவான். அறுபது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும் என்று ஒரு சோதனை இருக்கிறதே, அங்கேதான் குப்புற விழுவான். இரண்டு தடவை விழுந்தாயிற்று. இருபத்தொன்பது வயது, இனி ஒரே ஒரு தடவைதான் எழுதலாம்.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். அவளால் ஆகாது. மெக்கானிக்குக்கு லீவு கிடைக்காது. ஒல்லிதான் போனான். வெள்ளை டப்பாவில் வெள்ளை வெள்ளையாக அறுபது மாத்திரை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்துவிடுவான். அவளும் ஒரு வேளை கூடத் தவறாமல் முழுங்கினாள்.

முதல் மாதம் வீடே அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் மெக்கானிக், "ஏதாவது பேசேன்" என்பார். "என்னத்தைப் பேச?" என்பாள். அதே குரல்தான். அவர் நிம்மதியாகப் பல் துலக்கப் போவார். இரண்டாம் மாதமும் அதே குரல். டிக்கெட் கவுண்டர் பெண்கள் சாப்பாட்டு வேளையில் அவள் தாடையைத் தடவிப் பார்த்து, ஒண்ணுமே இல்லையேக்கா, நீ குடுத்து வச்சவ என்று சிரித்தார்கள். மூன்றாம் மாதமும் ஒரு பரு கூட வரவில்லை. கல்லீரல் சோதனையும் சுத்தம். நமக்கு மட்டும் இந்த மருந்து எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அதே சமயம் ஒல்லி ஒல்லியாக இல்லை. தோள் இரண்டும் விரிந்து, போன வருடத்துச் சட்டை முதுகில் கிழிந்தது. பார்சல் கவுண்டரில் இரண்டு பேர் தூக்குகிற பெட்டியைத் தனியாகத் தூக்கினான். கூடவே மூக்குக்கு மேல் கோபமும் வந்தது. ஒருநாள் ரசீது கிழிந்துபோனதற்கு ஒரு வாடிக்கையாளரை அடிக்கப் போய்விட்டான். என்னடா உனக்கு ஆச்சு என்று அக்கா கேட்டால், முட்டை சாப்பிடுறேன், ஜிம்முக்குப் போறேன் என்பான். நாலாம் மாதம் அறுபது கிலோ மூட்டையோடு மூன்று மாடி ஏறி, மேலே போய்க் கையசைத்துவிட்டு இறங்கினான். மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அவள் நிலையம் முழுக்க இனிப்பு கொடுத்தாள். முட்டைக்கு இவ்வளவு சக்தியா என்று ஆச்சரியப்பட்டுத் தானும் இரண்டு சாப்பிட்டுப் பார்த்தாள்.

இனிப்புக் கொடுத்த மறுவாரம் டாக்டரம்மா வேடிக்கை எதுவும் சொல்லவில்லை. சோதனைத் தாளைப் பார்த்தார், பழைய தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டும் மஜ்ஜை அசையவே இல்லை. எண்கள் எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன. சில உடம்புக்கு இது கேட்காது என்றார். இனி மஜ்ஜை மாற்றுவதுதான் வழி. உடன்பிறந்தவருடையது பொருந்தினால் நல்லது.

"அது பெரிய வைத்தியம்மா. இருக்குற மஜ்ஜையை முழுசா அழிச்சுட்டுத்தான் புதுசு வைக்கணும். உங்க வயசுல நூத்துக்கு எழுபது பேர் நல்லபடியா எந்திரிச்சு வந்துடுவாங்க."

"மீதி முப்பது?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, தம்பியை வரச் சொல்லுங்கள், முதலில் அவருடைய ரத்தத்தைப் பார்ப்போம் என்றார். வீடு வரும்வரை மெக்கானிக் அவள் கையை விடவே இல்லை. அந்த முப்பதில் தான் இருந்தால் இந்த மனுஷனுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாதே என்ற ஒரே கவலைதான் வழியெல்லாம் அவளுக்கு ஓடியது.

மாத்திரை கேட்கவில்லையாம், உன் மஜ்ஜை வேணுமாம் என்று தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் செத்துப்போனது. எடுத்துக்கோக்கா என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணாடி அறைக்கு இரண்டு தடவை ஏறி வந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, சும்மாதான் வந்தேன் என்று இறங்கிப் போனான். அடப்பாவி, ஊசிக்கு இவ்வளவு பயப்படுகிறானே, மூட்டை தூக்கி என்ன பிரயோஜனம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ரத்தம் கொடுத்த மூன்றாம் நாள் மூவரையும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா அக்காளின் தாளையும் தம்பியின் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல், ஒல்லியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றறுபது. சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பரு. மார்புக் காம்புக்கு அடியில் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

"அக்காவுக்கு ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு. தம்பிக்குப் பதினெட்டரை. அக்கா கல்லீரல் அப்பழுக்கில்லாம இருக்கு. தம்பிக்கு மூணு மடங்கு ஏறி நிக்குது." டாக்டரம்மா ஒல்லியைப் பார்த்தார். "மாத்திரை நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஆனா ஆள் மாறிப்போச்சு. அப்படித்தானப்பா?"

ஒல்லி திருதிருவென்று விழித்தான். பிறகு சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான். அழுகைக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது கதை. அன்றைக்கு டாக்டரம்மா ஜிம் என்று சொன்னது காதில் விழுந்ததாம். அதற்கு முன்னும் பின்னும் சொன்ன ஒரு வார்த்தையும் ஏறவில்லையாம். டப்பாவிலிருந்ததை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி வெள்ளைச் சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறான். நாலு மாதமும்.

"நீதானக்கா அழுத, குரல் போயிடும்னு. ரத்தம்தான் மாசாமாசம் ஏத்துறாங்களே, அதுதான் வைத்தியம்னு நெனச்சேன். இது சும்மா உடம்பு தேறக் குடுக்குறதுன்னு... எனக்கும் ஆச்சு, உன் குரலும் தப்பிச்சுதுன்னு நெனச்சுட்டேன்க்கா."

மெக்கானிக் கையை ஓங்கிவிட்டார். ஒரு எறும்பை மிதித்தாலே வருத்தப்படுகிற மனுஷர். ஆனால் அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலி நுனிக்கு நகர்ந்து டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"அப்போ எனக்கு மருந்து கேக்கலன்னு ஆகாதுல்ல?"

"நீங்க மருந்தை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா" என்றார் டாக்டரம்மா. நாலு மாதமாக ஒரு பரு கூட வரவில்லை என்றால் நானாவது யோசித்திருக்க வேண்டும் என்று தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த எழுபது, முப்பது எல்லாம் எங்கேயோ தள்ளிப் போயின. சிரித்தாள். தம்பி தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்த, கணவர் ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்க, அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

டாக்டரம்மா ஒல்லியை வெளுத்து வாங்கினார். ரத்தம் தார் மாதிரி கெட்டியாகி மூளைக்குப் போகிற குழாயை அடைத்திருந்தால் என்ன செய்திருப்பாய், கல்லீரலில் கட்டி வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். தனியாகத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் வேறு எதையோ சோதித்தார். வெளியே வந்தவனுக்குக் காது இரண்டும் சிவந்திருந்தன. இன்றோடு நிறுத்தினால் எல்லாம் மெல்ல மெல்லப் பழையபடி வரும், மார்பு வீக்கத்துக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது, சில மாதம் உடம்பும் மனசும் துவண்டு போகும், பயப்படாமல் வந்து காட்டு என்று கடைசியில் அவன் தோளைத் தட்டி அனுப்பினார்.

கோபம் திரும்புகிற வழியில் பேருந்தில்தான் வந்தது. மூன்றாவது நிறுத்தம் தாண்டியது. முன் இருக்கையிலிருந்து திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"நான் செத்திருப்பேன்டா. சுண்ணாம்பைத் தின்னுட்டு, மருந்துன்னு நம்பிக்கிட்டே செத்திருப்பேன்."

அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அன்றோடு அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். பார்சல் கவுண்டரைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளர்த்த கையே வெட்டுப்பட்ட வலி அவளுக்கு. ஒல்லியும் பக்கத்தில் வரத் துணியவில்லை. தீயணைப்புத் துறைக்கு நேரில் போய் உள்ளதைச் சொல்லி, மருத்துவப் பரிசோதனைக்கு ஆறு மாதம் தவணை வாங்கிக்கொண்டு வந்தானாம். மெக்கானிக் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். தோள் இறங்கிவிட்டது, ராத்திரியெல்லாம் தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றும் சொன்னார். அவள் கேட்காத மாதிரி இருந்தாள். மறுநாள் அவனுக்குச் சாப்பாடு கட்டி அவர் கையில் கொடுத்தனுப்பினாள். பேச்சு மட்டும் இல்லை.

மெக்கானிக் இப்போது லீவாவது வேலையாவது என்று தானே வரிசையில் நின்று மாத்திரை வாங்கினார். அவள் முழுங்கும்வரை தண்ணீர் டம்ளரோடு எதிரே நின்றார். ஏழாவது வாரம், எஞ்சினுக்குள் பார்க்கிற டார்ச்சை அடித்து அவள் தாடையில் இரண்டு மயிரைக் கண்டுபிடித்தார். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "முளைச்சிருச்சு, முளைச்சிருச்சு" என்று வீட்டுக்குள்ளேயே நடந்தார். நெற்றியில் பரு வந்த அன்று டிக்கெட் கவுண்டர் பெண்கள் அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

குரல் உடைந்தது ஒரு நண்பகலில். "ஐந்தாம் நடைமேடையில் நிற்கும்" என்பதுவரை அவள் குரல். "வண்டி இன்னும் சற்று நேரத்தில்" என்பது யாரோ ஒரு ஆணின் குரல். கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள், அழுகைதான் வந்தது. பதினேழு வருடம் கூடவே இருந்தது, இனி கேட்க முடியாது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் போட்டு, "புறப்படும்" என்று முடித்தாள். பாவம், வண்டி புறப்பட்டே போயிருந்தது.

மேலாளர் பதிவு செய்த குரலைப் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். பிறகு அவரே வேண்டாம் என்றுவிட்டார். முன்பெல்லாம் குரல் நன்றாக இருக்கிறதே என்று ஜனங்கள் நின்று கேட்டார்களாம். இப்போது பயந்துபோய் ஓடி வண்டி ஏறுகிறார்களாம். விசாரணைத் தொலைபேசியில் அவளை சார் என்றார்கள். அவளும் சொல்லுங்க சார் என்றாள்.

நிஜ மாத்திரை சாப்பிட ஆரம்பித்த ஐந்தாம் மாதம், வழக்கம்போல் ரத்தம் ஏற்றுகிற நாள். சோதனைத் தாளை டாக்டரம்மா முதலில் தனக்குள் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார். ஒன்பது புள்ளி ஆறு. ரத்தத் தட்டணுக்களும் ஏறியிருந்தன. கல்லீரல் கொஞ்சம் முனகுகிறது, அதனால் அளவைச் சற்றுக் குறைக்கலாம், சோதனையை விடக்கூடாது என்றார். பட்டறை திறந்தாயிற்று. ரத்தம் ஏற்றுகிற சீட்டை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மெக்கானிக் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அவர் விரலில் கிரீஸ் ஒட்டியதைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மட்டும் முதலில் வெளியே வந்தாள். ரத்த வங்கி நடைக்கூடத்தில் ஒல்லி நின்றுகொண்டிருந்தான். அவன் ரத்தத்தை இப்போதைக்கு எடுக்க மாட்டார்கள். அதனால் மாதாமாதம் யார் காலிலாவது விழுந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, ரத்தம் எடுத்து முடிகிறவரை தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போவான். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி போவாள். இன்றைக்கும் இரண்டு பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நேராகத் தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் ஒல்லி பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான். கழுத்தெலும்பு தெரிய, பழைய சட்டை அவனுக்கு மறுபடி தொளதொளவென்று இருந்தது.

அவளுடைய அந்தத் தடித்த குரல் ஒலிபெருக்கியில் ஊருக்கெல்லாம் கேட்டிருக்கிறது. அவனிடம் பேசியதில்லை.

"டேய் ஒல்லி, அவங்க ரெண்டு பேரையும் சட்டைக் கையை இறக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுடா. இன்னைக்கு யார் ரத்தமும் வேணாமாம். என்னோடதே போதுமாம்."